12 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு எந்தக் கட்டடக்கலை அலுவலகத்தில் சேருவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் எழுதிவிடுகிறேன். சென்னையில் ஏறத்தாழ 25 பேர் கொண்ட ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் 12 ஆண்டுகளாகப் பணிபுரிகிறீர்கள். வயது 36. வீடுகள், இரண்டு பள்ளிகள், ஒரு சிறிய மருத்துவமனை ஆகியவற்றைத் தொடக்க வரைவிலிருந்து கட்டி ஒப்படைப்பது வரை நீங்களே முன்னின்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் அலுவலகத்தின் உரிமையாளருடைய மகன் வெளிநாட்டில் படித்துத் திரும்பிவிட்டதால், இனி உங்களுக்கு மேலே செல்ல இடமில்லை என்று உணர்கிறீர்கள். கையில் மூன்று அழைப்புகள் உள்ளன. கிண்டியில் 180 பேர் பணிபுரியும் பெரிய நிறுவனம் 45 சதவீதம் கூடுதல் சம்பளம் தருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 9 பேர் கொண்ட சிறிய அலுவலகம், நீங்கள் விரும்பும் பள்ளிக் கட்டடங்களைச் செய்கிறது என்றாலும், இப்போது வாங்கும் சம்பளத்தையே தருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் நிறுவனம் ஒன்று, தன் உள் வடிவமைப்புப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு 70 சதவீதம் கூடுதலாகத் தருகிறது. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுக்கும் முன் எதையெல்லாம் கேட்டறிவது என்பது உங்கள் கேள்வி.

நான் இந்தத் தொழிலில் 27 ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டு முறை அலுவலகம் மாறியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று தவறான மாற்றம். இப்போது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறேன் என்பதால் மேசையின் இரு பக்கமும் எனக்குத் தெரியும்.

படிப்பு முடித்த முதல் ஐந்தாண்டுகளில் ஒரு அலுவலகத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதன் தலைவரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், அதில் தவறில்லை. அவரிடம் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம், அவர் வரைந்த கோட்டை ஒழுங்காக வரைபடமாக்குவதே அப்போது நமக்குப் பாடம். 12 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் தலைவரைப் பார்த்து அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஏமாந்துபோவார். அவர் பார்க்க வேண்டியது அந்த அலுவலகத்தின் இரண்டாவது ஆளை. தலைவர் ஊரில் இல்லாத வாரத்தில் கட்டுமான இடத்திலிருந்து வரும் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள், கட்டணத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் யார் பேசுகிறார்கள், கட்டமைப்புப் பொறியாளர் தூணைப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லும்போது 'முடியாது, வேறு வழி பாருங்கள்' என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால், அவருடைய நாற்காலிக்கோ அதற்கு அடுத்த நாற்காலிக்கோதான் நீங்கள் போகப்போகிறீர்கள். இருபது ஆண்டு நடந்த ஓர் அலுவலகத்தில் அப்படி ஒருவர்கூட உருவாகவில்லை என்றால், 21ஆவது ஆண்டில் நீங்கள் உருவாகிவிடுவீர்கள் என்று நம்புவதற்குக் காரணம் வேண்டும்.

36 வயதில் இன்னொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்குவதா என்று தயங்கியிருந்தீர்கள். இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1919இல் பிறந்தவர். வழக்கறிஞராக இருந்துவிட்டு, லண்டனில் கட்டடக்கலை படித்துத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில். அதன் பிறகுதான் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற பழைய அலுவலகத்தை மையமாக வைத்துத் தன் பணியைக் கட்டியெழுப்பினார். வயதைப் பற்றிய தயக்கத்துக்கு இது போதும். ஆனால் அந்த அலுவலகத்தை நான் குறிப்பிட வேறு காரணமும் உண்டு. அங்கே பாவாவின் பங்குதாரராக நெடுங்காலம் இருந்தவர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர். 1982இல் கோட்டேயில் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றக் கட்டடம் போன்ற பெரும் பணிகள் அந்தக் கூட்டாண்மையில்தான் நடந்தன. பாவாவின் பெயரை அறிந்த அளவுக்குப் பூலோகசுந்தரத்தின் பெயரை மாணவர்கள் அறிவதில்லை. என்றாலும், கணக்கையும் ஒப்பந்ததாரரையும் கட்டுமானத்தையும் பொறுப்பேற்க ஒரு முழுப் பங்குதாரர் பக்கத்தில் இருந்ததால்தான் அந்த அலுவலகத்தால் அவ்வளவு பெரிய வேலைகளைத் தாங்க முடிந்தது என்று நான் கருதுகிறேன். ஓர் அலுவலகம் யாரைப் பங்குதாரராக ஏற்கிறது என்பதே அது எதை மதிக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

இதை வெளியிலிருந்து எப்படி அறிவது? நேர்காணலில் எல்லோரும் 'இங்கே முழுச் சுதந்திரம் உண்டு' என்றுதான் சொல்வார்கள். நான் நம்புவது ஒரு தாளை. நேர்காணலின் இரண்டாவது சுற்றில், கட்டி முடித்த ஒரு பணியின் கட்டுமான வரைபடத் தொகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். இந்த அனுபவ நிலையில் அப்படிக் கேட்பது முறையானதே. மறுத்தால் அதுவும் ஒரு தகவல். முப்பரிமாணப் படங்களையும் வெளியான புகைப்படங்களையும் ஒதுக்கிவிட்டு, கழிப்பறை விவரத் தாளை எடுங்கள். சங்கன் ஸ்லாப், அதாவது கழிப்பறைக்காகத் தாழ்த்திப் போடும் தளம், எவ்வளவு ஆழம் இறங்குகிறது, ஓடு எந்தச் சுவரிலிருந்து முழுத்துண்டாகத் தொடங்குகிறது, நீர் வெளியேறும் துளை அந்த ஓட்டுக்கோட்டில் உட்காருகிறதா, கதவுச் சட்டத்தின் அடியில் ஈரம் ஏறாமலிருக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இவை ஒழுங்காக இருந்தால் அங்கே யாரோ ஒருவர் அக்கறையுடன் சரிபார்க்கிறார் என்று பொருள்.

பிறகு கண்ணைத் தாளின் வலது கீழ் மூலைக்குக் கொண்டு செல்லுங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். பத்துத் தாள்களைப் புரட்டினாலே அந்த அலுவலகத்தின் உண்மையான அதிகார அமைப்பு உங்கள் முன் விரிந்துவிடும். நடுக்கட்டம் எல்லாத் தாளிலும் காலியாக இருந்தால், அங்கே சரிபார்ப்பு என்ற வேலைக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. நடுக்கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒரே முதலெழுத்துகள் இருந்தால், தலைவர் எதையும் பிறர் கையில் விடாதவர். மூன்று கட்டங்களிலும் மூன்று வெவ்வேறு பெயர்களும், நடுக்கட்டத்தில் பணிக்குப் பணி மாறும் இரண்டு மூன்று பெயர்களும் இருந்தால், அங்கே பொறுப்பு கைமாறுகிறது. நீங்கள் தேடும் இடம் அதுதான். அதற்கு மேலே திருத்தப் பட்டியல் இருக்கும். ஏழாவது திருத்தம், எட்டாவது திருத்தம் என்று எண் ஏறிக்கொண்டே போய், காரணம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், அந்த அலுவலகத்தில் இரவுகள் எப்படிக் கழிகின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. என் 35ஆவது வயதில், பத்திரிகைகளில் படங்கள் அடிக்கடி வந்துகொண்டிருந்த ஓர் அலுவலகத்தில், ஒரு கல்லூரிக் கட்டடத்தின் முழுப் பொறுப்பும் எனக்கே என்ற வாக்குறுதியை நம்பிச் சேர்ந்தேன். 14 மாதங்கள் அங்கே இருந்தேன். அத்தனை தாள்களிலும் என் பெயர் 'வரைந்தவர்' கட்டத்தைத் தாண்டவில்லை. வாடிக்கையாளர் கூட்டங்களுக்குத் தலைவர் மட்டுமே செல்வார். ஆலோசகர்களின் கடிதங்களும் அவருக்கு மட்டுமே வரும்.

ஒரு நாள் கட்டுமான இடத்தில் இரண்டாம் மாடிப் படிக்கட்டுக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னை அழைத்து, படியேறி, படிக்கட்டு திரும்பும் நடைமேடைக்குக் (லேண்டிங்) கீழே வந்து நிற்கச் சொன்னார். நடைமேடையின் உத்திரம் என் தலைக்குச் சற்று மேலேயே இருந்தது. நாடாவை வைத்து அளந்தால் 1.95 மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு அந்த இடத்தில் குறைந்தது 2.2 மீட்டர் கேட்கிறது. உத்திரத்தின் ஆழத்தைக் கூட்டிய கட்டமைப்புப் பொறியாளரின் திருத்தம் மூன்று வாரங்களுக்கு முன்பே தலைவரின் அஞ்சலுக்கு வந்திருந்தது; அவர் வெளிநாட்டில் இருந்தார்; அது எங்கள் மேசைக்கு வரவேயில்லை. உத்திரத்தைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது, மேஸ்திரிக்கும் தெரிந்தது. ஆனால் 'நகர்த்துங்கள்' என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இரண்டு நாள் வேலை நின்றது. கம்பி கட்டும் எட்டுப் பேர் கூலியில்லாமல் திரும்பிப் போனார்கள். பதில் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் அவர்கள் முன் நின்றதுதான், அந்த அலுவலகத்தை விட்டு விலக வேண்டும் என்ற முடிவை எனக்குள் எடுத்துக்கொடுத்தது. சேருவதற்கு முன் ஒரே ஒரு வரைபடத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்திருந்தால் அந்த 14 மாதங்கள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

தாளுக்கு அடுத்தபடியாக நம்பத் தகுந்தவர்கள் அந்த அலுவலகத்தை விட்டுப் போனவர்கள். கடந்த மூன்றாண்டுகளில் விலகிய, உங்களையொத்த அனுபவமுள்ள இருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். சென்னையின் கட்டடக்கலை வட்டம் மிகச் சிறியது, இரண்டு தொலைபேசி அழைப்புகளில் ஆள் கிடைத்துவிடுவார். 'ஏன் விலகினீர்கள்' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் மரியாதையான பதில் ஒன்றை வைத்திருப்பார்கள். 'நீங்கள் விலகியபோது உங்கள் பணியை யார் எடுத்துக்கொண்டார்கள், எத்தனை நாள் ஒப்படைத்தீர்கள், கடைசி மாதச் சம்பளம் எப்போது வந்தது' என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதில்களில் மற்றவை தாமாகவே வெளிவரும். அதேபோல், அவர்களுடைய பணி நடக்கும் ஒரு கட்டுமான இடத்துக்குச் சென்று ஒப்பந்ததாரரின் பொறியாளரிடம் பத்து நிமிடம் பேச முடிந்தால் பேசுங்கள். வரைபடம் நேரத்துக்கு வருகிறதா, சந்தேகம் வந்தால் யாரை அழைக்கிறீர்கள் என்பதே போதும். அவர் ஒரு இளைஞரின் பெயரைத் தயங்காமல் சொன்னால் நல்ல அறிகுறி.

இனி உங்கள் மூன்று அழைப்புகளுக்கு வருகிறேன்.

கட்டுமான நிறுவனத்தின் அழைப்பைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, ஏனென்றால் இப்போது உங்களுக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன். அங்கே கற்க எதுவுமில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு சதுர அடிக்கு என்ன செலவாகிறது, எது விற்கிறது, பணம் எங்கே தேங்குகிறது என்பதையெல்லாம் நம் அலுவலகங்களில் யாரும் சொல்லித்தருவதில்லை. ஆனால் அங்கே வடிவமைப்பு, விற்பனைக்கும் எஃப்எஸ்ஐ கணக்குக்கும் (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) பின்னால்தான் வரும். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் உயரத்துக்குள் நிற்கும் கட்டடத்துக்குப் பொதுவாக 2.0 எஃப்எஸ்ஐ, அதைத் தாண்டிய உயரமான கட்டடத்துக்குச் சாலையின் அகலத்தைப் பொறுத்து 3.25 வரை என்ற நிலையில், மனையின் ஒவ்வொரு சதுர அடியையும் விற்கக்கூடிய பரப்பாக மாற்றுவதே அந்தத் தலைமைப் பொறுப்பின் அன்றாட வேலையாக இருக்கும். பள்ளிகளில் மனம் வைத்திருக்கும் உங்களுக்கு அது இரண்டாண்டுகளில் சலித்துவிடும். அங்கிருந்து மீண்டும் கட்டடக்கலை அலுவலகத்துக்குத் திரும்பும்போது சம்பளம் ஒரு தடையாக நிற்கும்.

போவதாக முடிவுசெய்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீடு வாங்குவோரிடமிருந்து பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பணி முன்னேற்றத்துக்கு ஏற்ப அதிலிருந்து பணம் எடுக்கப் பொறியாளர், கட்டடக்கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் சான்று வேண்டும். சம்பளம் தரும் நிறுவனத்துக்கே அந்தச் சான்றை நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் நிலை வரக்கூடாது. அது வெளிக் கட்டடக்கலைஞரின் வேலை என்பதை முதல் நாளே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

180 பேர் கொண்ட நிறுவனத்தைப் பொறுத்தவரை, அந்த எண்ணிக்கையில் நீங்கள் சேரப்போவதில்லை. 15 அல்லது 20 பேர் கொண்ட ஒரு குழுவில்தான் சேரப்போகிறீர்கள். ஆகவே நிறுவனத்தைப் பற்றி விசாரிப்பதைவிட அந்தக் குழுவின் தலைவரைப் பற்றியும், குழுவிடம் இப்போது இருக்கும் பணிகள் எந்தக் கட்டத்தில் உள்ளன என்பதைப் பற்றியும் விசாரியுங்கள். தொடக்க வரைவு ஒரு குழுவிலும், கட்டுமான வரைபடம் இன்னொரு குழுவிலும், கட்டுமான மேற்பார்வை மூன்றாவது குழுவிலும் நடக்கும் நிறுவனங்கள் உண்டு. முதலிலிருந்து முடிவு வரை ஒரு கட்டடத்தைத் தூக்கிச் சுமந்து பழகிய உங்களுக்கு அந்தப் பிரிவினை மூச்சுமுட்டும். மாறாக, பணி முழுவதும் ஒரே குழுவிடம் இருக்குமானால், அங்கே உங்களுக்குக் கிடைக்கக்கூடியது மிகப் பெரியது: உயரமான கட்டடங்களுக்கான அனுமதி நடைமுறை, தீயணைப்புத் துறையின் தேவைகள், குளிரூட்டல், மின்சாரம், குழாய்ப் பணி ஆகிய எல்லா ஆலோசகர்களையும் ரெவிட் என்ற மென்பொருளின் முப்பரிமாண மாதிரியில் ஒன்றாகக் கட்டி இழுக்கும் பயிற்சி. இவை 25 பேர் அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. அவர்களிடம் மருத்துவமனைக் குழு ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு சிறிய மருத்துவமனையை முடித்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது. மருத்துவமனை வடிவமைப்பு தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அந்தக் குழுவில் உங்கள் சொல்லுக்கு முதல் மாதத்திலிருந்தே மதிப்பு இருக்கும். அசோசியேட் பதவிக்கு அங்கே கடைசியாக உயர்த்தப்பட்டவர் யார், எத்தனை ஆண்டுகளில் உயர்த்தப்பட்டார் என்ற கேள்விக்கு மனிதவளப் பிரிவினர் பெயரும் ஆண்டும் சொல்ல வேண்டும். 'தகுதியைப் பொறுத்து' என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

9 பேர் அலுவலகம்தான் கடினமானது, ஏனென்றால் உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. தலைவருக்கு 58 வயது, மற்ற எட்டுப் பேரில் மூத்தவருக்கு நான்காண்டு அனுபவம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு தகவலுக்கு இரண்டு பொருள் இருக்க முடியும். இரண்டாவது ஆள் வேண்டும் என்று அவர் இப்போதுதான் உணர்ந்து உங்களை அழைத்திருக்கலாம். அல்லது, நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் அவரிடம் தங்க முடியாமல் போயிருக்கலாம். முதலாவது உங்கள் வாழ்வின் நல்வாய்ப்பு. இரண்டாவது, நீங்கள் இப்போது விட்டு வர நினைக்கும் அதே நிலைமை, குறைந்த ஆட்களோடு. எது உண்மை என்பதை அவரோடு நேரில் பேசித்தான் அறிய முடியும். எப்படிப் பேசுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அங்கே கேட்க வேண்டிய இன்னொன்று பணவரவு. நம் தொழிலில் கட்டணம் கட்டம் கட்டமாகத்தான் வரும்: தொடக்க வரைவுக்குக் கொஞ்சம், அனுமதி வரைபடத்துக்குக் கொஞ்சம், கட்டுமான வரைபடத்துக்குக் கொஞ்சம், பணி நடக்க நடக்க மீதி. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதிக்காகக் கோப்பு ஒன்று ஆறு மாதம் நின்றால், பெரிய நிறுவனத்தில் அதை யாரும் உணரமாட்டார்கள். 9 பேர் அலுவலகத்தில் அது சம்பளத் தேதியாக மாறி உங்கள் வீட்டுக் கடன் தவணையில் வந்து நிற்கும். கைவசம் எத்தனை பணிகள், அவற்றில் கட்டுமானத்தில் இருப்பவை எத்தனை, ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருவது எவ்வளவு என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். மூத்தவர் ஒருவரிடமிருந்து இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பவரே நல்ல முதலாளி.

அடுத்து, சம்பளத்தின் தொகையைவிட அது எந்த வடிவில் தரப்படுகிறது என்பதைப் பாருங்கள். நம் நாட்டில் பல கட்டடக்கலை அலுவலகங்கள் ஊழியர்களைச் சம்பளப் பட்டியலில் வைக்காமல் 'கன்சல்டன்ட்' என்று வைத்து, 10 சதவீத வரிப் பிடித்தம் போகக் கட்டணமாகத் தருகின்றன. மாதக் கடைசியில் கையில் வரும் தொகை சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டில் வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை (கிராஜுவிட்டி) இல்லை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு அவர்கள் மனம்போல. 20 பேருக்குக் குறைவான அலுவலகத்தை வைப்பு நிதி விதிகளும், 10 பேருக்குக் குறைவான அலுவலகத்தைப் பணிக்கொடை விதிகளும் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால், 9 பேர் அலுவலகத்தில் இவை இரண்டும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக என்ன தருவார் என்பது பேசித் தீர்க்க வேண்டியது. இப்போதைய அலுவலகத்தில் நீங்கள் சம்பளப் பட்டியலில் இருந்தால், ஐந்தாண்டைக் கடந்துவிட்ட உங்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு. கடைசி மாத அடிப்படை ஊதியத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படை ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2,77,000 ரூபாய் வரும். விலகும் மனத்தாங்கலில் இதைக் கேட்காமல் வந்தவர்களை நான் அறிவேன். அது உங்கள் உழைப்பின் பணம்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுமதி வரைபடத்தில் பதிவுபெற்ற கட்டடக்கலைஞராக யார் கையெழுத்திடுகிறாரோ, அவரையே விதிகள் பொறுப்பாளராகப் பார்க்கின்றன. கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் கட்டடக்கலை மன்றத்தில் உங்களுக்குள்ள பதிவு எண்ணைத் தங்கள் வரைபடங்களில் பயன்படுத்தப் புதிய அலுவலகம் விரும்பினால், அது பெருமைக்குரிய செய்தி என்று உடனே சம்மதித்துவிடாதீர்கள். கையெழுத்திடும் பணியில் முடிவெடுக்கும் உரிமையும், கட்டுமான இடத்தைப் பார்வையிடும் நேரமும், தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயரும் இருந்தால் கையெழுத்திடுங்கள். உரிமை ஒருவரிடமும் கையெழுத்து இன்னொருவரிடமும் இருக்கும் ஏற்பாடு, எதுவும் நடக்காதவரை மட்டுமே நன்றாக இருக்கும்.

நியமனக் கடிதத்தில் பொதுவாக மூன்று இடங்களில் மூத்தவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். விலகிய பிறகு இரண்டாண்டுக்கு இதே ஊரில் தொழில் செய்யக்கூடாது என்பது போன்ற வரி இருந்தால் அதற்காக உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, ஒருவர் பிழைப்புத் தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. ஆனாலும் அந்த வரியை நீக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவாவது. வாடிக்கையாளர்களைக் கொண்டு போவது வேறு விஷயம். ஒரு பணியில் ஏற்கெனவே இருக்கும் கட்டடக்கலைஞரை வெளியேற்றி அந்த இடத்தைப் பிடிக்க முயல்வதைக் கட்டடக்கலை மன்றத்தின் 1989ஆம் ஆண்டுத் தொழில் ஒழுக்க விதிமுறைகள் தடுக்கின்றன. உங்கள் பள்ளித் தாளாளர்கள் உங்களை எவ்வளவு விரும்பினாலும், நடந்துகொண்டிருக்கும் பணியைத் தொடாதீர்கள். மூன்றாவது, உங்கள் பணித்தொகுப்பு. சம்பள ஊழியராக நீங்கள் வரைந்தவற்றின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளிக்கே உரியது. ஆகவே எந்தப் பணிகளை, எந்தப் பங்களிப்புக் குறிப்போடு, உங்கள் தொகுப்பில் காட்டலாம் என்று விலகும் முன் இப்போதைய அலுவலகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். முன்னே சொன்ன அதே ஒழுக்க விதிமுறைகள், ஊழியரின் தொழில்முறைப் பங்களிப்பை மதிக்க வேண்டும் என்றும், நியாயமான ஊதியமும் தகுந்த பணிச்சூழலும் தர வேண்டும் என்றும் கட்டடக்கலைஞர்களுக்குச் சொல்கின்றன. பன்னிரண்டு ஆண்டு உழைத்த ஒருவர் அந்த அனுமதியைத் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

இனி என் தீர்ப்பு. முதலில் 9 பேர் அலுவலகத்தின் தலைவரோடு, நேர்காணலாக இல்லாமல், ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். சம்பளத்தையோ பங்குதாரராகும் வாய்ப்பையோ அன்று எடுக்க வேண்டாம். 'நான் சேர்ந்த பிறகு நீங்கள் போகாமல் விடப்போகும் கூட்டம் எது?' என்று மட்டும் கேளுங்கள். பொறுப்பைக் கைமாற்ற உண்மையாகவே மனம் வந்தவர் இந்தக் கேள்வியை ஏற்கெனவே தனக்குள் கேட்டிருப்பார். இந்தப் பள்ளியின் வாராந்தரக் கூட்டம், அந்த வீட்டின் ஒப்பந்ததாரர் தேர்வு என்று பெயர் சொல்லிப் பதில் தருவார். அப்படித் தந்தால், எந்தப் பணி எந்த மாதத்திலிருந்து உங்களுடையது, ஓராண்டு முடிவில் எதைப் பார்த்து உங்கள் இடத்தை மறுபரிசீலனை செய்வார், மூன்றாண்டுக்குப் பிறகு கூட்டாண்மையைப் பற்றிப் பேசுவாரா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்; சம்பளம் உயராவிட்டாலும் அங்கே போங்கள். 'எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போவோம், நீங்கள் என் கூடவே இருக்கலாம்' என்று அன்போடு சொன்னால், அந்த அன்பு பொய்யாக இருக்காது, ஆனால் பதில் கிடைத்துவிட்டது. கிண்டிக்குச் சென்று மருத்துவமனைக் குழுவில் சேருங்கள். அங்கே நான்கைந்து ஆண்டுகள் கற்பதோடு, பள்ளி கட்டும் ஆசை உங்களுக்குள் அப்படியே இருக்கும். அதைச் செய்யும் வலிமை கூடியிருக்கும்.

எதை முடிவுசெய்தாலும், இப்போது நீங்கள் நடத்திக்கொண்டிருக்கும் பள்ளியின் இரண்டாம் தளக் கான்கிரீட் போட்டு முடியும்வரை விலகல் தேதியைத் தள்ளிவையுங்கள். மீதியுள்ள கதவு, சன்னல், கழிப்பறை வரைபடங்களை உங்களுக்கு அடுத்து வரப்போகும் இளையவரோடு கட்டுமான இடத்திலேயே ஒரு நாள் உட்கார்ந்து, தாள் தாளாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். அங்குள்ள மேஸ்திரியிடம் அவரை உங்கள் வாயாலேயே அறிமுகப்படுத்தி, இனி எந்தச் சந்தேகத்துக்கும் இவரை அழையுங்கள் என்று சொல்லுங்கள்.